பாதித் தாத்தா

டெய்லரக்கா பழைய கால்சட்டை ஒன்றின் ஜிப்பைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, தோளில் ஒரு பையும் கையில் மடக்கிய ஸ்டாண்டுமாகப் பொடிசு கடைக்குள் நுழைந்தாள். நுழைந்த வேகத்தில் ஸ்டாண்டின் கால் இடித்து, வாசலில் நின்ற, துணி மாட்டும் பொம்மை தலைகுப்புற விழுந்தது.

"அதைத் தூக்கி நிறுத்து முதல்ல. நாளைக்குக் கொடுக்க வேண்டிய கோட்டு அது மேல இருக்கு" என்றாள் டெய்லரக்கா. வாயில் இரண்டு குண்டூசிகள் இருந்தன. அவற்றைக் கவ்விக்கொண்டே தெரு வம்பு முழுவதையும் பேசி முடிக்கக்கூடியவள் அவள். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. தைப்பதைவிடப் பிரிப்பதுதான் அந்தக் கடையில் அதிகம். இடுப்பு பிடிக்கிறது, கை தொங்குகிறது, ஜிப் ஏறவில்லை என்று ஆட்கள் வந்தபடி இருப்பார்கள். அவளும் முதலில் அவர்களுடைய தொப்பையைக் குறை சொல்லிவிட்டுத்தான் துணியைக் கையில் வாங்குவாள்.

பொடிசு அவளுடைய தம்பி மகள். இருபத்தெட்டு வயதாகியும் குடும்பத்தில் அவள் பொடிசுதான். தொழில் புகைப்படம். ஆனால் கல்யாணம், பிறந்தநாள் என்று யார் கூப்பிட்டாலும் போகமாட்டாள். அவள் எடுப்பது கலைப் புகைப்படமாம். போன கண்காட்சியில் ஒரு கூடம் முழுக்க வெறும் நாற்காலிகளாகவே மாட்டியிருந்தாள். அவளைப் பெற்ற அப்பா ஒவ்வொரு படத்தின் முன்னாலும் பொறுமையாக நின்று பார்த்துவிட்டு, "உக்கார யாருமே வரலையாம்மா?" என்று நிஜமான கவலையோடு கேட்டார். அந்தக் கதையைக் குடும்பத்தில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

"பெரியத்தை, உங்க ஆல்பம் எல்லாம் வேணும்."

குண்டூசிகள் வாயைவிட்டு வெளியே வந்தன. "எதுக்கு?"

"அடுத்த கண்காட்சி நம்ம குடும்பத்தைப் பத்தி. முன்னோர்கள், பழைய படங்கள், நாம எதை ஞாபகம் வச்சிருக்கோம், அதெல்லாம். அப்பாகிட்ட ஒரு படம்கூட இல்ல. கேட்டா, அக்காங்ககிட்ட இருக்கும்னு சொல்லிட்டு வண்டி துடைக்கப் போயிட்டாரு."

"என் ஆல்பம் ரிப்பேர்ல இருக்கு."

"நான் மூணாம் வகுப்புல கேட்டப்பவும் இதையேதான் சொன்னீங்க."

டெய்லரக்கா எந்த வாடிக்கையாளருக்கும் பதில் சொல்லத் திணறியதில்லை. ஆனால் இந்தப் பெண் ஸ்டாண்டை விரித்து வைத்துக்கொண்டு, போகப்போவதில்லை என்று தெளிவாகத் தெரியும்படி தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டாள். வேறு வழியில்லை. கடைக்கு மேலேயே வீடு. மாடிக்குக் கூட்டிப்போய், அலமாரியில் போர்வைகளுக்கு அடியிலிருந்த மூன்று கனமான ஆல்பங்களை எடுத்துக் கட்டில்மேல் போட்டாள். போட்டுவிட்டு, திட்டு வாங்கத் தயாராக ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

முதல் பக்கத்தில் ஒரு கடற்கரை. அப்பா, அம்மா, முழங்கால்வரை நனைந்த தம்பி, இரட்டைச் சடையில் டெய்லரக்கா. அவளுக்குப் பக்கத்தில், ஒரு சிறுமியின் வடிவத்தில் ஓட்டை. ஆல்பத்தின் பழுப்பு அட்டை அந்த ஓட்டை வழியாகத் தெரிந்தது. அடுத்த பக்கத்தில் பள்ளி ஆண்டு விழா, அதிலும் ஓட்டை. அதற்கடுத்த படத்தில் அம்மா நாற்காலியில் அமர்ந்திருந்தாள். அவள் தோளில் ஒரு கை மட்டும் இருந்தது. அந்தக் கைக்குச் சொந்தமான ஆள் இல்லை.

"சின்னத்தை" என்றாள் பொடிசு மெல்ல.

"அம்மா தோளோட சேர்த்து வெட்ட மனசு வரல. அதனால கையை விட்டுட்டேன்."

சண்டை நடந்தது தம்பியின் கல்யாண வரவேற்பில். பொடிசு பிறக்கவே அதற்குப் பிறகு இரண்டு வருடம் ஆனது. தங்கைக்காக டெய்லரக்கா பார்த்துப் பார்த்து ஒரு நீலப் பட்டுச் சட்டை தைத்திருந்தாள். குடும்பப் படம் எடுக்கும்போது புகைப்படக்காரர் உற்சாகமாகி, எல்லாரும் கையைத் தூக்கி ஆட்டுங்கள் என்றார். எல்லாரும் தூக்கினார்கள். தங்கையின் முதுகில் 'டர்ர்' என்று ஒரு சத்தம். அத்தனை சொந்தக்காரர்களுக்கும் கேட்டது. "அக்கா தையல் இவ்வளவுதான்" என்றாள் தங்கை, அழுகையும் ஆத்திரமுமாக. "தையல் சரியாத்தான் இருக்கு. அளவெடுத்ததுக்கப்புறம் நீதான் ஊதிட்ட" என்றாள் அக்கா. மைக் யார் கையிலோ திறந்திருந்தது. ஊதிட்ட என்பது மண்டபம் முழுக்க எதிரொலித்தது. அன்றோடு பேச்சு நின்றது. அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்தில் எந்த விசேஷத்துக்கும் சாப்பாட்டை இரண்டு பந்தியாகத்தான் போட வேண்டியிருந்தது. ஒரு அக்காவைக் கொண்டுவிட்டு இன்னொரு அக்காவைக் கூட்டிவரும் வேலையிலேயே தம்பிக்குத் தலை நரைத்தது.

ஜன்னலைப் பார்த்து நின்ற டெய்லரக்காவுக்கு நெடுநேரமாகத் திட்டு எதுவும் வரவில்லை. திரும்பிப் பார்த்தாள். பொடிசு ஆல்பத்துக்கு மிக அருகே குனிந்து, மூச்சுவிடக்கூட மறந்தவளைப் போல இருந்தாள்.

"அத்தை, இது அபாரம்."

"என்னது?"

"ஒவ்வொருத்தரோட ஓரத்தையும் எவ்வளவு நுணுக்கமா வெட்டியிருக்கீங்க! முடி பறக்கிறதைக்கூட விடல."

 செய்த தப்புக்குப் பாராட்டு வாங்குவது டெய்லரக்காவுக்குப் பழக்கமில்லாத விஷயம். "கை பழகின கத்தரி" என்று மட்டும் சொன்னாள். சொல்லிவிட்டுக் கொஞ்சம் சிரித்தும்விட்டாள். பிறகு கீழே போய், ஓட்டைகள் நன்றாகத் தெரியட்டும் என்று அடியில் வைப்பதற்குக் கறுப்பு லைனிங் துணி ஒன்றையும் கொண்டுவந்து கொடுத்தாள். பொடிசு ஸ்டாண்டில் கேமராவைக் கவிழ்த்து மாட்டி, திரைச்சீலையைத் திறப்பதும் மூடுவதுமாகச் சாயங்காலம்வரை படமெடுத்தாள்.

கடைசி ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில் பாதிப் படம் ஒன்று இருந்தது. ஒரு முதியவரின் ஒரு பக்கம் மட்டும். ஒரு கண், அரை மூக்கு, அரை மீசை, ஒரு முழங்கால். முழங்காலில் டெய்லரக்கா, ஆறு வயதில், அவர் கன்னத்தோடு கன்னம் ஒட்டி உட்கார்ந்திருந்தாள்.

"இது யாரு?"

"உன் கொள்ளுத்தாத்தா. எங்க தாத்தா."

"இவரோட வேற படம் இருக்கா?"

"அவரு வாழ்நாள்லயே ஒரு தடவைதான் ஸ்டூடியோவுக்கு வந்தாரு. அந்தப் பக்க முழங்கால்ல அவ உக்காந்திருந்தா. நான் முதல்ல வெட்டினது இதைத்தான். கோபத்துல நேரா ஒரே வெட்டு. கத்தரி போற வழியில அவரு மூக்கு இருந்துடுச்சு."

"வெட்டின பாதி?"

"குப்பையில போச்சு."

பொடிசு அந்த அரை முகத்தை உற்றுப் பார்த்தாள். திறந்த கண் அவளைக் குற்றவாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தது. அரை வாய் இறுகியிருந்தது.

"ரொம்பக் கறாரானவரோ?"

"சிரிச்சு நான் பார்த்ததே இல்ல. இருமினா வீடே எழுந்து நிக்கும்."

"ஆனா சின்னத்தை அவரு எப்பவும் சிரிச்சுக்கிட்டே இருப்பாருன்னு சொல்வாங்களே."

"அவ வேற எந்தத் தாத்தாவைப் பார்த்தாளோ!" என்று ஆல்பத்தைப் பட்டென்று மூடினாள் டெய்லரக்கா. கொஞ்ச நேரம் கழித்து, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு, "அவகிட்டயும் ஒரு பிரதி இருந்துச்சு. அம்மா ஆளுக்கொண்ணு கொடுத்தாங்க" என்றாள்.

அதன்பிறகு பொடிசு சில வாரங்கள் கடைப்பக்கம் வரவேயில்லை. கண்காட்சி தொடங்கும் நாளன்று காலையில் அவளுடைய அப்பா வந்து, "அக்கா, வண்டியில ஏறு" என்றார். வழக்கத்துக்கு மாறாக அவருக்கு வியர்த்துக்கொண்டிருந்தது.

காட்சிக்கூடம், வெள்ளையடித்த பழைய கிடங்கு ஒன்று. வாசலில் காவலாளி ஒருவர் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். உள்ளே எல்லாரும் மருத்துவமனையில் நடப்பதுபோல ஓசையில்லாமல் நடந்தார்கள். தம்பி, வண்டியைச் சரியாக நிறுத்தவில்லை என்று சொல்லி வாசலோடு நழுவிவிட்டார். டெய்லரக்கா முதல் படத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். அவளுடைய கடற்கரைப் படம், கதவு உயரத்துக்கு. தங்கை இருந்த ஓட்டை, நிஜமான ஒரு சிறுமி உள்ளே நடந்துபோகலாம் என்கிற அளவுக்கு இருந்தது. அவளுடைய கண் தானாக வெட்டின் ஓரத்தில் ஓடியது. காது பக்கத்தில் கத்தரி ஒரு மயிரிழை வழுக்கியிருந்தது. இவ்வளவு பெரிதாக்குவாள் என்று தெரிந்திருந்தால் இன்னும் நிதானமாக வெட்டியிருக்கலாம்.

பக்கத்தில் தாடி வைத்த ஒருவர், கூட வந்த பெண்ணிடம் தாழ்ந்த குரலில் விளக்கிக்கொண்டிருந்தார். "இந்த வெறுமையைப் பாருங்க. காலம் நம்மகிட்டயிருந்து பிடுங்கிக்கிட்ட எல்லாத்தோட குறியீடும் இது."

"காலம் இல்ல தம்பி. நான்தான்" என்றாள் டெய்லரக்கா. "அது என் தங்கச்சி. பின்கழுத்தைக் கவனிச்சீங்களா? வளைவுல ஒரு பிசிறு இருக்காது."

தாடிக்காரர் பின்கழுத்தைக் கவனித்தார். பிசிறு இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

பெருமையோடு அடுத்த அறைக்குள் நுழைந்தாள். அங்கேயும் ஓட்டைகள்தான். ஆனால் இவை அவளுடைய வேலை இல்லை என்பது வாசலிலிருந்தே தெரிந்தது. கோணல்மாணலாக, எலி கடித்ததைப் போல இருந்தன. ஒரு படத்தில் மாப்பிள்ளைக் கோலத்தில் அவளுடைய காலஞ்சென்ற கணவர் மாலையும் கழுத்துமாக நின்றிருந்தார். பக்கத்தில் மணமகள் இல்லை. மணமகள் இருந்த இடத்தில் ஒரு கந்தல் ஓட்டை.

டெய்லரக்கா தன் கல்யாணப் படத்தில் தான் இல்லாமல் இருப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முப்பது வருடமாக அவள் எத்தனையோ படங்களில் தங்கையை வெட்டி எறிந்திருக்கிறாள். தங்கையும் கத்தரியை எடுக்கக்கூடும் என்று ஒரு தடவைகூட அவளுக்குத் தோன்றியதில்லை.  கோபம் வந்தது.

"என்னை வெட்டியிருக்கா!" என்று கூடம் அதிரச் சொன்னாள். "என் கல்யாணத்துலயே என்னை வெட்டியிருக்கா! அதையும் ஒழுங்கா வெட்டினாளா? எதால வெட்டினா, நகவெட்டியாலயா?"

"பிளேடுதான்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

தங்கை நின்றிருந்தாள். கண்ணாடி போட்டிருந்தாள், முடி பாதிக்குமேல் வெளுத்திருந்தது. பார்க்க அம்மாவைப் போலவே ஆகிவிட்டிருந்தாள். அது வேறு டெய்லரக்காவைத் தடுமாற வைத்தது.

"போட்டோவைப் போய் யாராவது பிளேடால வெட்டுவாங்களா?"

"எங்க வீட்டுல கத்தரி இல்ல. கத்தரியைப் பார்த்தாலே உன் ஞாபகம் வருதுன்னு தூக்கிப் போட்டுட்டேன்."

"அப்புறம் பால் பாக்கெட்டை எதால வெட்டுற?"

"பல்லால!"

ஆட்கள் கூடத் தொடங்கினார்கள். முதல் அறையில் இருந்தவர்களும் தாடிக்காரரின் தலைமையில் வந்து சேர்ந்து, சுவரோடு வட்டமாக நின்றுகொண்டார்கள்.

"தையல் பிரிஞ்சதுக்கு நான் ஒரு வார்த்தை சொன்னேன். அதுக்கு நீ மைக்ல ஊதிட்டேன்னு சொல்லுவியா?"

"மைக்கை நானா பிடிச்சிருந்தேன்? அளவெடுக்கிறப்ப மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கிட்டு நின்னது யாரு? ஒல்லியாத் தெரியணும்னு!"

தங்கை கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள். பிறகு, "கொஞ்சம்தான் இழுத்தேன்" என்றாள்.

"கொஞ்சமா? நாலு விரல்கடை!"

யாரோ கைதட்டினார்கள். தொடர்ந்து இன்னும் இரண்டு மூன்று பேர் தட்டினார்கள். தாடிக்காரர் காவலாளியிடம் போய், அடுத்த காட்சி எத்தனை மணிக்கு என்று பவ்வியமாகக் கேட்டார். காவலாளி, தன்னிடம் இவர்களைப் பற்றி யாரும் சொல்லவில்லை என்றார். ஆனாலும் இரண்டு பேருக்கும் மூச்சு வாங்குவதைப் பார்த்துத் தன் பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். ஒரே நாற்காலி. "நீ உக்காரு, உனக்கு முட்டி வலி" என்றாள் டெய்லரக்கா. "உனக்கும்தான்" என்றாள் தங்கை. இருவரும் உட்காரவில்லை. ஒருவருடைய முட்டி வலி மற்றவருக்கு எப்படித் தெரியும் என்பது, கூட்டத்துக்குப் பின்னால் ஒளிந்து தரையைப் பார்த்தபடி நின்ற தம்பிக்கு மட்டும் தெரியும்.

பொடிசு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். இரண்டு அத்தைகளையும் ஆளுக்கொரு கையில் பிடித்து, எதுவும் பேசாமல் கடைசி அறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே ஒரே ஒரு படம்தான் இருந்தது.

நடுவில் கோடு போட்டாற்போல ஒரு வெட்டு. இடது பக்கம் டெய்லரக்காவிடம் இருந்த பாதி. வலது பக்கம் தங்கையிடம் இருந்த பாதி. அவளும் அக்காவை ஒரே இழுப்பில் வெட்டித் தள்ளியிருந்தாள், தாத்தாவின் அதே மூக்கு வழியாக. இரண்டு பாதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பொடிசு படமெடுத்திருந்தாள். முகம் முழுசாகியிருந்தது. இரண்டு முழங்காலிலும் இரண்டு சிறுமிகள். ஆனால் ஒரு கண் முறைத்துப் பார்த்தது, மற்றது இறுக மூடியிருந்தது. வாயின் ஒரு பாதி இறுகியிருந்தது, மறுபாதி விரிந்து மேலே போயிருந்தது.

குடும்பத்தின் மூத்தவர், சுவரளவு உயரத்தில், எல்லாரையும் பார்த்துக் கண்ணடித்தார்.

 முதலில் டெய்லரக்காவின் தோள் குலுங்கியது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. மூக்கு வழியாக ஒரு சத்தம் வந்தது. அதைக் கேட்டதும் தங்கைக்கும் பற்றிக்கொண்டது. இரண்டு பேரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள்.

"அந்தக் காலத்துல ஸ்டூடியோக்காரர் ரெண்டு தடவை எடுத்திருக்காரு" என்று விளக்கினாள் பொடிசு. "உங்க ரெண்டு பேர் வீட்டுலயும் இருந்தது ஒரே படம் இல்ல. ஒரு தடவை முறைச்சிருக்காரு. இன்னொரு தடவை சிரிச்சிருக்காரு, அப்போ கண்ணைச் சிமிட்டிட்டாரு. அவ்வளவுதான்."

"சிமிட்டல் எல்லாம் இல்ல" என்றாள் தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அவரு கண்ணடிப்பாரு. எனக்குத் தெரியாதா?"

"அத்தை, நான் சொல்றது..."

"இருடி" என்றாள் டெய்லரக்கா.

அவள் படத்துக்கு அருகில் போனாள். கண்முன் ஒரு காட்சி: அம்மா திட்டிக்கொண்டிருக்கிறாள், எதற்கென்று நினைவில்லை. அம்மாவுக்குப் பின்னால் தாத்தா நிற்கிறார். அம்மாவுக்குத் தெரியாமல், சின்னப் பெண்ணான அவளைப் பார்த்து ஒரு கண்ணை மூடித் திறக்கிறார். இருமுகிறார், அம்மாவின் பேச்சு நிற்கிறது. இது இத்தனை நாள் அவளுக்குள் எங்கேயோ கிடந்த ஞாபகமா, அல்லது இப்போது இந்தப் படத்தைப் பார்த்ததும் மனசு தைத்துக்கொண்டதா? எவ்வளவு யோசித்தும் அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஆனால் அந்தக் கண் மூடித் திறந்தது அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

"கண்ணடிப்பாருதான்" என்றாள் கடைசியில். "நான்தான் மறந்துட்டேன்."

தங்கை அவளை ஒரு மாதிரி பார்த்தாள். "இருமவும் இருமுவாரு" என்றாள், பதிலுக்கு விட்டுக்கொடுப்பதுபோல. "எனக்குப் பயமா இருக்கும்."

வெளியே வந்ததும் தம்பி வழக்கம்போல, "யாரை முதல்ல கொண்டுவிடணும்?" என்று கேட்டார். இரண்டு அக்காக்களும் அவரை ஒரே மாதிரி முறைத்தார்கள். அவர் அவசரமாகப் பின்கதவைத் திறந்துவிட்டார். பாதி வழியில் தம்பியின் போன் ஸ்பீக்கரில் பெரியப்பா மகன் வந்தார். குடும்ப கௌரவத்துக்கு அவர்தான் பொறுப்பு என்று அவரே வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். யாரோ அதற்குள் படத்தை அவருக்கு அனுப்பிவிட்டார்கள்.

"என்ன அக்கிரமம் இது? பரம்பரைக்கே மூத்தவரு, தெருப்பொறுக்கி மாதிரி கண்ணடிச்சுக்கிட்டு நிக்கிறாரு! இப்பதான் எல்லாத்துக்கும் கம்ப்யூட்டர் இருக்கே, அந்தக் கண்ணைத் திறக்கச் சொல்லுங்க!"

"நீ முதல்ல உன் கண்ணைத் திறந்து பாரு" என்றாள் டெய்லரக்கா.

"உன்கிட்ட ஒரு படம் இருக்கா அவரோடது? இல்லைல்ல? அப்போ போனை வை" என்றாள் தங்கை.

போனை வைத்தார். வண்டி ஓட்டிக்கொண்டிருந்த தம்பி கண்ணாடியில் பின்னால் பார்த்தார். அக்காக்கள் இரண்டு பேரும் ஒரே பக்கம் நின்று பேசினால் அது எப்படியிருக்கும் என்பதை அவர் மறந்தே போயிருந்தார். பாவம் அந்தப் பெரியப்பா மகன் என்று தோன்றியது.

தங்கை வீடு வந்தது. இறங்கியவள் கதவைச் சாத்தாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். "டீ குடிச்சிட்டுப் போ" என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு.

டெய்லரக்கா அந்த வீட்டுக்குள் நுழைவது இதுதான் முதல் தடவை. சின்ன வீடு. ஜன்னலோரம் தொட்டிச் செடிகள், சாப்பாட்டு மேஜைமேல் பாதி முடித்த குறுக்கெழுத்து. எதைப் பார்த்தாலும் புதிதாக இருந்தது. தங்கைக்குக் குறுக்கெழுத்துப் பழக்கம் எப்போது வந்தது? அந்தச் செடிக்கு என்ன பேர்? கேட்பதற்கு நிறைய இருந்ததால் ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்திருந்தாள்.

சமையலறையிலிருந்து தங்கை எட்டிப் பார்த்தாள். "சர்க்கரை எவ்வளவு?"

"அரை ஸ்பூன்."

"முன்னல்லாம் ரெண்டு போட்டுப்ப."

"இப்ப டாக்டர் விடமாட்டேங்குறாரு. உனக்கு?"

"எனக்கு அறவே கூடாது."

 பிறகு தங்கை இரண்டு கோப்பைகளோடு வந்து உட்கார்ந்தாள். டெய்லரக்கா ஒரு வாய் குடித்தாள். இரண்டு ஸ்பூனுக்குக் குறையாது. நிமிர்ந்து பார்த்தாள். தங்கை தன்னுடைய கோப்பையை ரசித்துக் குடித்துக்கொண்டிருந்தாள்.

"டாக்டருக்குத் தெரிஞ்சா?" என்றாள் டெய்லரக்கா.

"நீ சொல்லுவியா?"

"நான் எதுக்குச் சொல்றேன்?" என்று இன்னொரு வாய் குடித்தாள். "ஆனா டீ நல்லாவே இல்ல. தூள் கம்மி."

"நாளைக்கு நீ வந்து போடு, பார்ப்போம்" என்றாள் தங்கை.

வாசலில் தம்பி ஹார்ன் அடித்தார். அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.